கிக்கரை மிதிக்கும் முன் சேஸைத் தட்டிப் பாருங்கள்

போன இதழில் ஆர்.எக்ஸ். 100 பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். தொண்டியில் தொடங்கி ராமேசுவரம் வரை, கடற்கரை ஊர்களிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் பழைய ஜப்பான் வண்டிகளுக்கே.

*

எங்கள் ஊரில் ஓர் ஓலைக் கொட்டகைக்குள் ஆறு வருஷமாக ஓர் ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது. கிக்கர் இறங்கவே இல்லை. ‘எஞ்சின் ஜாம், அதனால்தான் மலிவு’ என்கிறார் வண்டிக்காரர். வாங்கலாமா அண்ணே?
— கல்லூரி மாணவர், உச்சிப்புளி

எஞ்சின் ஜாம் என்றதும் பின்வாங்காதே தம்பி. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் இரண்டு மூடி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றச் சொல். இரண்டு நாள் கழித்து டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டு. ரிங் துருவில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கிக்கர் மேல் ஏறி நின்று உதைக்காதே, பல் உடையும்.

விட்டாலும் விடாவிட்டாலும் போர் போட வேண்டியிருக்கும். அதற்குத்தான் 25, 50, 75, 100 என்று கால் கால் மில்லிமீட்டராகப் பெரிதாகும் பிஸ்டன்கள் இருக்கின்றன. ஹெட்டைத் திறந்தால் எந்த அளவு என்று பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும். ஸ்டாண்டர்டோ 25-ஓ என்றால் அந்த பிளாக்குக்கு இன்னும் ஆயுள் உண்டு. 100 என்றால் வேறு பிளாக் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லீவ் போட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதலில் டேங்கையும் சீட்டையும் கழற்றச் சொல். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேஸ் குழாயை நெடுகத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே உப்பு தின்ற இடம் வந்ததும் சத்தம் அமுங்கிவிடும். சீட்டுக்கு அடியில், ஸ்விங் ஆர்ம் போல்ட்டைச் சுற்றி, சைடு ஸ்டாண்டு பற்றவைத்த இடத்தில், பின் மட்கார்டுக்கு மேலே சேறு அடைந்து கிடக்கும் மூலையில் நின்று நிதானமாகத் தட்டு. பெயின்ட் கொப்பளித்திருந்தால் நகத்தால் கீறிப் பார். செதில் செதிலாகப் பெயர்ந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடு. எஞ்சினை மீட்க ராமநாதபுரத்திலும் மதுரையிலும் லேத் இருக்கிறது. மக்கிப்போன சேஸுக்கு மருந்து கிடையாது.

*

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் எதைத் தொட வேண்டும்?
— தேவிபட்டினம் வாசகர்

எஞ்சினை. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு வந்து நீங்களே மிதியுங்கள்.

*

காக்கா, நான் துபாயில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஓர் ஆர்.எக்ஸ். 100 விலைக்கு வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்தேன், கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அட்வான்ஸ் போடச் சொல்கிறார்கள்.
— கீழக்கரை வாசகர்

போடாதீங்க தம்பி. நம் கடற்கரையில் பழைய வண்டி கண்ணாடி மாதிரி இருந்தால், புதுப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். துருவைச் சுரண்டாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் படத்தில் அழகாகத்தான் தெரியும். படத்தில் சத்தம் கேட்காது, வாடை வராது, சேஸைத் தட்டவும் முடியாது. அடுத்த லீவு வரை பொறுங்கள். அதற்குள் விற்றுவிடுவோம் என்று அவசரப்படுத்தினால், விற்கட்டும்.

*

ஆர்.எக்ஸ். 100-தான் இந்தியாவுக்கு வந்த முதல் ஜப்பான் வண்டி என்கிறான் என் பேரன். சரியா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்புல்லாணி

நூறு சிசி வண்டிகளில் முதலில் வந்தது இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100, 1984-இல். அது நம் ஓசூரில் டி.வி.எஸ். குழுமம் சுசுகியோடு சேர்ந்து செய்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பஜாஜின் கவாசாகி கே.பி. 100. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1983-இலேயே எஸ்கார்ட்ஸ், யமஹாவின் 347 சிசி ஆர்.டி. வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்கத் தொடங்கிவிட்டது. ஆக, பேரன் சொல்வது வரலாற்றில் தவறு. மனசில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால் பேரன் பக்கம்தான் ஓட்டு விழும். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோ அளவுதான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி உடனே பதில் சொல்லும். 1996 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் காலத்துச் செய்தி ஒன்றையும் பேரனிடம் சொல்லுங்கள் ஐயா. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அதற்கு முன் ராமேசுவரம் தீவில் ஓடிய ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ரயிலிலோ படகிலோ கடல் தாண்டி வந்ததுதான்.

*

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய 1991 மாடல் ஆர்.எக்ஸ். 100 வீட்டில் நிற்கிறது. ‘பேப்பர் செத்துப்போச்சு, இரும்பு விலைக்கு எடுத்துக்கிறேன்’ என்று ஒருவர் தினமும் வந்து நிற்கிறார். அம்மாவுக்கு மனசில்லை. நான் என்ன செய்ய?
— பள்ளி ஆசிரியை, பரமக்குடி

கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. இரும்பு விலைக்கு வாங்கிப் போகிறவர் அதை இரும்பாக விற்கப் போவதில்லை. சரிசெய்த ஆர்.எக்ஸ். 100-க்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள்.

முதலில் அப்பாவின் அலமாரியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எந்தத் தேதிவரை புதுப்பித்திருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றுவதற்குப் படிவம் 31. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போங்கள். புதுப்பிக்க படிவம் 25. இருபது வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் 2,000 ரூபாய். தேதி கடந்திருந்தால் மாதத்துக்கு 300 வீதம் தாமதக் கட்டணம் மத்திய விதியில் இருக்கிறது. பசுமை வரி தனி. மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன்பிறகு வைத்துக்கொள்வதா விற்பதா என்று அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். வைத்துக்கொள்வது என்றால் எஞ்சின் வேலை ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பேப்பர் வேலையைத் தள்ளாதீர்கள்.

*

‘இது விண்டேஜ் வண்டி சார், மதிப்பே வேற’ என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். ஆர்.எக்ஸ். 100 விண்டேஜா?
— ராமநாதபுரம் வாசகர்

சட்டப்படி இல்லை. 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டினால்தான் விண்டேஜ். முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே அந்த வயது 2035-இல்தான் வரும். அப்படிப் பதிவு செய்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். அன்றாடம் ஓட்ட வாங்குகிறீர்கள் என்றால் அந்தச் சொல்லுக்குப் பத்து ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

*

டூ-ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தானே செய்யும்? எது குணம், எது நோய்?
— சாயல்குடி வாசகர்

ஸ்டார்ட் செய்ததும் நீலமாகக் கொஞ்சம் வந்து, சூடானதும் குறைந்தால் குணம். பத்து நிமிஷம் ஓடிய பிறகும் வெள்ளையாக, அடர்த்தியாக, கியர் ஆயில் கருகும் வாடையோடு வந்தால் வலப்பக்க கிராங்க் சீல் போய்விட்டது. கியர் பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது. இன்னொன்று இருக்கிறது, அது புகையே காட்டாது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இரைச்சல் இறங்காமல் நிற்கும். இடப்பக்கம் மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கிற சீல் வழியாகக் காற்று இழுக்கிறது என்று பொருள். காற்று மிகுந்தால் எஞ்சின் கொதிக்கும், ஓடுகிற ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன், பிளாக், கிராங்க் என்று ஆயிரங்களில் போய் நிற்கும்.

*

உப்பளத்தில் வேலை. பைக்கை நிறுத்துகிற இடத்திலேயே காற்று உப்பாகத்தான் வீசுகிறது. தினமும் கழுவுகிறேன், ஆனாலும் துரு நிற்கவில்லையே?
— வாலிநோக்கம் வாசகர்

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். அதைக் கொண்டு கழுவினால் காற்று போட்ட உப்பை எடுத்துவிட்டு நாமே புது உப்பைப் பூசுகிறோம். குடிக்கவே குடம் குடமாகத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஊரில், வண்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்று என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஒரு சொம்பு நல்ல தண்ணீர், இரண்டு பழைய துணி. ஒன்றை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், மற்றதால் உடனே ஈரத்தை எடுங்கள். வாரம் ஒருமுறை ஆயில் தொட்ட துணியால் சேஸ், ஸ்போக்ஸ், ஃபோர்க் குழாய், போல்ட் தலைகள் எல்லாவற்றையும் ஒரு தடவு தடவுங்கள். பிரேக் டிரம்முக்கும் டயருக்கும் ஆயில் போகக் கூடாது. செயினுக்குத் தனியாக ஆயில். மழை பெய்தால் வண்டியை வெளியே விடுங்கள். நல்ல மழைதான் நம் ஊரில் கிடைக்கும் சிறந்த வாட்டர் சர்வீஸ், நின்றதும் துடைத்துவிட வேண்டும்.

எஞ்சின் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அலுமினியத்தின் துரு. உப்புத்தாளால் போட்டுத் தேய்க்காதீர்கள், ஃபின்கள் தேய்ந்துபோகும். மெல்லிய பித்தளைப் பிரஷ் போதும்.

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த ரயில் பாலத்தை அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் இணைப்பு, பாலிசிலோக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே பூச்சுதான் கவசம். உங்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது துருவை முழுக்கச் சுரண்டி, பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேல் பூச்சு என்று பட்டறையில் கூடவே நில்லுங்கள். முடிந்தால் மாசி, பங்குனி வெயிலில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்த பெயின்ட் மறு வருஷமே கொப்பளிக்கும்.

*

தலைமன்னாரில் சொந்தக்காரர் ஒருவர் நல்ல ஹோண்டா சாலி ஒன்று வைத்திருக்கிறார். கொண்டுவர வழி உண்டா?
— தங்கச்சிமடம் வாசகர்

இல்லை. யாழ்ப்பாணப் பக்கம் சாலியும் எம்.டி. 90-யும் இன்னும் ஓடுவதைக் கேட்டால் எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய வண்டி இறக்குமதிக்கு இங்கே கடுமையான கட்டுப்பாடு. படகில் ஏற்றினால் அதற்குப் பெயர் கடத்தல். கடல் முப்பது கிலோமீட்டர்தான், சட்டம் அதைவிட அகலம். அடுத்த முறை அங்கே போகும்போது அவர் வண்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

*

‘ஒரிஜினல் ஜப்பான் எஞ்சின்’ என்கிறார்கள். எப்படி நம்புவது?
— திருவாடானை வாசகர்

ஆர்.எக்ஸ். 100 முதலில் பாகங்களாக ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. எனவே ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். 1994 வண்டியைக் காட்டி ஜப்பான் எஞ்சின் என்றால், அது வேறு வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் பேச்சு.

எண்ணைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். ஆர்.எக்ஸ். 100-இன் எண் 1எல்1 என்று தொடங்கும். ஹேண்டில் கழுத்தில் சேஸ் எண் இருக்கும். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும். ஒரு தடவை நான் இப்படித் தேய்த்துப் பார்க்காமலே ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் தேய்த்தபோது மற்ற எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில் வந்தன. நடுவில் ஒரு 3 மட்டும் கறுப்பாக, மற்றவற்றைவிட அரை நூல் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. யாரோ ராவிவிட்டு மறுபடி பஞ்ச் அடித்திருக்கிறார்கள். பணம் திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்த வண்டியை நான் எடுக்கவில்லை. எண்ணில் கை வைத்த வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம், அதை ஓட்டுகிறவர்தான் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொன்று. 1989 ஜூலைக்கு முன் பதிவான வண்டிகளுக்கு மூன்றெழுத்து எண் இருக்கும். 1985-இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், பழைய பதிவேடு இன்றைய டி.என். 65 அலுவலகத்தில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். கணினியில் ஏறாத பதிவு என்றால், ஏற்றிக் கொடுத்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று பேசிவிடுங்கள்.

*

ராஜ்தூத் 350 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சின்ன வயசிலிருந்து கனவு. வீட்டுக்கு அது ஒன்றுதான் வண்டியாக இருக்கும்.
— முதுகுளத்தூர் வாசகர்

வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் வேண்டாம். அது 30 குதிரைத்திறன் கொடுத்த வண்டி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். அந்தச் சத்தத்துக்கு உருகாதவர் யார்? ஆனால் இரட்டை சிலிண்டர் என்றால் பிஸ்டன், ரிங், கார்பரேட்டர், பாயின்ட் எல்லாமே இரண்டிரண்டு. கிராங்க் வேலை தெரிந்த கைகள் குறைவு, பாகம் தேடிச் சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டும். பெட்ரோலும் தாராளமாகக் குடிக்கும். வீட்டில் ஓட ஒரு வண்டி இருந்து, இதற்கென்று கையில் தனிப் பணமும் இருந்தால் கனவை நிறைவேற்றுங்கள்.

*

இப்போது வரும் இ-20 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
— மண்டபம் முகாம் வாசகர்

ஓடும், ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கி, உள்ளிருந்து துரு ஏறும். அந்தக் காலத்து ரப்பர் டியூப், பெட்ரோல் டேப் வாஷர், கார்பரேட்டர் ரப்பர் எல்லாம் ஊறி உப்பும், வெடிக்கும். எஞ்சின் வேலை செய்யும்போதே இவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் கார்பரேட்டரைக் காலி செய்யுங்கள். ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே 2டி ஆயில் கலக்கும் வண்டியா? லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு ஒன்று. கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

*

சைலன்சரில் உள்ளிருப்பதை எடுத்துவிட்டால் சத்தம் கெத்தாக இருக்குமாமே?
— ஏர்வாடி வாசகர்

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் ஒரு பாதி. அதன் வடிவம்தான் வெளியேறும் கலவையைத் திருப்பித் தள்ளி இழுவையைக் கொடுக்கிறது. பிடுங்கினால் சத்தம் ஏறும், இழுவை போகும், அபராதமும் வரும். ஊரில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும் தம்பி.

*

தடைக்காலம் 61 நாள் சும்மா இருக்கப் போகிறேன். ஒரு பழைய ஆர்.எக்ஸ். வாங்கி, அதற்குள் ஓட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? படகு எஞ்சின் வேலை ஓரளவு தெரியும்.
— மீனவர், பாம்பன்

உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது அண்ணே. உப்பு எங்கே நுழையும், எந்த போல்ட் இறுகும் என்று படகில் வேலை செய்த கைக்குத் தெரியும். ஏப்ரல் 15-இல் கழற்றத் தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன்பே, இப்போதே ஆர்.சி.யை முடித்துவிடுங்கள். பெயர் மாற்றப் படிவம் 29-ம் 30-ம் விற்பவர் கையெழுத்தோடு உங்கள் கையில் இருக்கட்டும். கழற்றும்போது ஒவ்வொரு படியாக போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள். இறுகிய போல்ட்டை முறுக்கி உடைக்காமல், ஆயில் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். பிளாக்கைத் தூக்கியதும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழாக ஒரு இம்மி ஆடினாலும் கிராங்க் லேத்துக்குப் போக வேண்டும். லேத்தில் கூட்டம் இருக்கும், அதனால் அதை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். அது திரும்பி வருவதற்குள் சேஸ் வேலை, பெயின்ட், வயரிங் எல்லாம் முடியும். பணத்தில் வண்டி விலைக்குச் சமமாக இன்னொரு பங்கு தனியே எடுத்து வையுங்கள். அது இல்லாமல் தொடங்கிப் பாதியில் நின்ற வண்டிகளைச் சாக்கு மூட்டைகளாக எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 14-க்குள் முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். அடுத்த தடைக்காலம் வரும்.

*

வேலை முடிந்து வண்டி வந்துவிட்டது! முதல் ஓட்டம் அரிச்சல்முனைக்குத்தான். சரிதானே?
— ராமேசுவரம் வாசகர்

வாழ்த்துகள்! ஆனால் அரிச்சல்முனை ஆயிரம் கிலோமீட்டர் கழித்து. புது பிஸ்டனும் புது போரும் ஒன்றையொன்று பழக வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் இழுக்காமல், ஏற்றி இறக்கி, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். உச்சிப்புளி–மண்டபம் நேர் சாலையைப் பார்த்ததும் கை தானாக முறுக்கும். புது எஞ்சின்கள் ஜாம் ஆவது அப்படித்தான். பிறகு 2017-இல் திறந்த அரிச்சல்முனைச் சாலையில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு போய் வாருங்கள். வண்டியை மணலில் இறக்காதீர்கள், அலை தொடும் இடத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், அந்த இரண்டு துணி.

*

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்புறத்தில், சீமைக்கருவேல நிழலில், அப்பாவின் வண்டியோ சித்தப்பாவின் வண்டியோ நின்றுகொண்டிருந்தால் இன்றே அதன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, கடைசித் தேதியைப் பாருங்கள். வண்டியை மண்தரையிலிருந்து இரண்டு பலகை மேல் ஏற்றி வையுங்கள். எஞ்சின் வேலைக்குப் பணம் சேரும் வரை அது காத்திருக்கும்.